பின்பக்கம் ஒன்றேகால் அங்குலம்

அத்தியாயம் பதினான்கு

விடிவதற்கு முன்னால், எதிர்ச்சுவரில் அந்த மஞ்சள் சதுரம் விழுந்தது.

அக்கா அதற்காகத்தான் விழித்துக் கிடந்தாள். மாடி அறையின் ஜன்னலுக்கு எதிரே இருப்பது வெறும் சுவர். பக்கத்துக் கட்டடத்தின் முதுகு. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. ஆனால் தினமும் ஐந்து மணிக்கு, எங்கிருந்தோ ஒரு விளக்கின் வெளிச்சம் அதன் மேல் சதுரமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

இந்தத் தெருவில் தன்னைப் போலவே இன்னொருவரும் இந்நேரத்தில் எழப் போராடிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஆணா பெண்ணா தெரியாது. அந்த முகமற்ற ஆளோடு சேர்ந்துதான் அவள் தினமும் கட்டிலை விட்டு இறங்குவாள்.

முதலில் முழங்கால்களை மடக்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் உருள வேண்டும். உருளும்போது முதுகு மொத்தமும் ஒரே பலகையாக வரும். இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் வலி பளீரென்று ஏறும். அது இறங்கும்வரை மூச்சை அடக்காமல் விட வேண்டும். பிறகு கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்து உட்கார வேண்டும்.

"வந்தாச்சு," என்றாள் சதுரத்திடம்.

தையலகத்தில் அவள் எல்லோருக்கும் கட்டர் அக்கா. வயது நாற்பத்தொன்று. துணியை வெட்டுவது அவள், தைப்பது தம்பி, காஜாவும் பட்டனும் தம்பி மனைவி. மூன்று பேரும் இரண்டு கூலியாட்களும் சேர்ந்து ஊரில் பாதிப் பேருக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் அவள் இடுப்பில் ஆரம்பித்த வலிக்கு, ஐந்தாவது வருடம்தான் ஒரு பெயர் கிடைத்தது. முதுகெலும்பின் மூட்டுகள் அழன்று, ஆறி, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வாதம். சிலருக்குக் கண்ணும் சிவக்கும். படுத்தால் கூடும், நடந்தால் குறையும். இதை மட்டும் வீட்டில் யாரும் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

போன வாரம் புது டாக்டர் கேட்டார்: "குனிவு அதிகமாகியிருக்கா?"

"இல்லை டாக்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்."

அவர் பேனாவை மூடினார். வியாழக்கிழமை வரச் சொன்னார். முறையாக அளந்து பார்த்துவிட்டு, மாத்திரையிலேயே இருப்பதா, ஊசிக்குப் போவதா என்று முடிவு செய்யலாம் என்றார்.

இன்று வியாழக்கிழமை.

வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். வந்தது பச்சைத்தண்ணீர். மாடிப்படியில் தம்பி மனைவியின் குரல் ஏறி வந்தது.

"அண்ணி, அதைத் திறக்காதீங்க! உங்க தம்பி மொத்தத்தையும் தீர்த்துட்டார். அரை மணி நேரமா உள்ள நிக்கிறார். அப்படி என்னதான் அழுக்கோ."

"மாப்பிள்ளை மாதிரி குளிக்கிறான் போல."

"மாப்பிள்ளையா இருந்தப்பவே இவ்வளவு குளிச்சதில்லை." அவள் ஒரு வாளி வெந்நீரை வாசலில் வைத்தாள். "அடுப்புல போட்டது. நீங்க தூக்காதீங்க. இருங்க, நானே உள்ள வைக்கிறேன்."

"நான் வைக்கிறேன்."

"வெச்சாச்சு."

இந்த வீட்டில் எல்லாமே இப்படி வைத்தாகிவிடும். அவள் கை நீட்டுவதற்குள் டம்ளர் இறங்கி வரும். குனிவதற்குள் செருப்பு காலடிக்கு வரும். குறை சொல்ல முடியாத அன்பு. ஆனால் நாள் முழுக்க யாரும் அவளிடம் ஒரு வேலை சொல்லவில்லை என்பது, மாலையில் வலியைவிடக் கனமாக இருக்கும்.

குளித்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். குதிகால், இடுப்பு, தோள் எல்லாம் சுவரில். பின்தலையைச் சுவரை நோக்கித் தள்ள வேண்டும். பத்து முறை. தலை சுவரைத் தொடுகிறதா என்று அவள் பார்ப்பதில்லை. அதைச் சொல்வதற்கு அவளுக்கு வேறு சாட்சி இருந்தது.

அந்தச் சாட்சி கடையில் ஒரு ஆணியில் தொங்கியது. ஒரு சாம்பல்நிறக் கோட்டு.

வெட்டும் மேசைக்கென்று ஆறு வருடங்களுக்கு முன் அவளே தனக்கு வெட்டி, தானே தைத்துக்கொண்டது. முழங்கால்வரை வரும். தையல் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: முதுகு வளைந்தால் கோட்டின் பின்பக்கம் மேலே ஏறிவிடும், முன்பக்கம் கீழே தொங்கும். மனிதர்கள் மறைத்தாலும் கீழ் விளிம்பு காட்டிக்கொடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை, தன் பிறந்தநாளன்று, அவள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் பக்கவாட்டில் நிற்பாள். விளிம்பு சுற்றிலும் தரைக்கு ஒரே மட்டமாக இருக்கும். போன மாதமும் இருந்தது.

எந்த டாக்டரின் டேப்பையும்விட அவள் அந்த விளிம்பை நம்பினாள்.

*

கடை இரண்டு தெரு தள்ளி. அவள் நடந்தே போனாள். நடக்க நடக்க முதுகு மெல்ல இளகியது, ஈரத்தில் விறைத்த கயிறு வெயிலில் இளகுவதுபோல.

ஒரு மருத்துவமனைக்கு நாற்பத்தெட்டு வெள்ளைக் கோட்டுகள் போக வேண்டும். அவள் துணியை எட்டு அடுக்காக விரித்து, அட்டையை வைத்து, சாக்கட்டியால் கோடிழுத்தாள். தம்பி உயரமான ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்கு முப்பத்தேழு. மெலிந்த ஆள். இடது கண் இரண்டு வாரமாகச் சிவந்திருந்தது. நூல் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"உட்காருக்கா."

"உட்கார்ந்தா ஒட்டிக்கும்டா."

"பத்து நிமிஷம்."

"நீ உட்காரு. உன்னைப் பார்த்தாதான் தூங்காத மூஞ்சி மாதிரி இருக்கு."

அவள் கைப்பேசியில் அரை மணிக்கு ஒருமுறை மணியடிக்கும். உடனே கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கடையை மூன்று சுற்று சுற்றுவாள்.

"கட்டர் அக்கா ரோந்து கிளம்பிட்டாங்க," என்றாள் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்தவள். "திருடன் எவனாவது இருந்தா ஓடிடு."

"முதல் திருட்டே உன் மிஷின்லதான். நேத்துக் கொடுத்த பாபின் எங்கடி?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மறுபடி மிஷின்களின் சத்தம். அவள் சுற்றி முடித்து மேசைக்கு வந்தபோது, அடுத்த துணிக்கட்டை யாரோ தூக்கி வைத்துவிட்டிருந்தார்கள்.

ஒன்பதரைக்குத் தன் சாம்பல்நிறக் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். டாக்டரிடம் காட்டலாம். இந்த விளிம்பைப் பாருங்கள் என்று சொல்லலாம்.

"நானும் வர்றேன்க்கா," என்றான் தம்பி. கண் பையின் மேல் இருந்தது. "அதை எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"குளிருச்சுன்னா போட்டுக்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாடிக்கையாளர் ஒருவர் படியேறி வந்தார். அவர் முதுகில் லேசான கூன். தம்பி சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்தான். அளவெடுத்து முடித்ததும், அளவுப் புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டான்.

அது அந்தக் கடையின் வழக்கம். முதுகு வளைந்தவர்களுக்கு வட்டம். பின்பக்கத்தைக் கொஞ்சம் நீட்டி, முன்பக்கத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். அளவெடுக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் கோட்டைப் போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஏன் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே கூடாது. அவளும் அப்படி நூற்றுக்கணக்கான வட்டங்கள் போட்டிருக்கிறாள்.

*

ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் போனாள். பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்குக் குரல் பெரிது, கை மென்மை.

"செருப்பைக் கழட்டும்மா. குதிகால் சுவத்துல. அப்படியே. தலையைப் பின்னாடி தள்ளு. எவ்வளவு முடியுமோ."

அவள் தள்ளினாள். கழுத்தின் அடியில் ஒரு தாழ்ப்பாள் விழுந்ததுபோல் நின்றது.

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு."

"எங்க இருக்கு, வரலையே." டேப் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவில் போனது. "ஏழு சென்டிமீட்டர்." காகிதம் புரண்டது. "நாலு வருஷம் முன்னாடி ரெண்டு. நடுவுல யாருமே அளக்கலையா?"

"பழைய டாக்டர் கேப்பார். நான் மாற்றமில்லைன்னு சொல்லிடுவேன்."

"சொன்னா எழுதிக்கிட்டாரா? நல்ல டாக்டர்."

"உங்க டேப் பழசு போல," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துணி டேப் நாளாக ஆக நீளும். நீண்டுபோன டேப் குறைத்துத்தான் காட்டுமே தவிர, கூட்டிக் காட்டாது. தன் பையிலிருந்த டேப்பை எடுத்து நீட்டினாள். வருடாவருடம் இரும்பு ஸ்கேலோடு ஒத்துப் பார்த்து மாற்றும் டேப்.

"இதுல பாருங்க."

அந்த அம்மா பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "ஏழரைம்மா. உங்க கணக்குல மூணு அங்குலம்."

டாக்டர் இளைஞர். தூக்கம் போதாத முகம்.

"ஒட்டின இடத்தைப் பிரிக்க முடியாது. மீதி இருக்கறதைக் காப்பாத்தலாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, நீங்களே தொடையில போட்டுக்கலாம். அதுக்கு முன்னாடி ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கணும். உடற்பயிற்சியை விடக்கூடாது." நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லுங்க. இது கொஞ்சம் கொஞ்சமா வந்ததா, இல்லை சமீபத்துல வேகமா வந்ததா?"

அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கோட்டு இருந்தது. எடுக்கவில்லை.

"தெரியலை டாக்டர்."

"வீட்டுல யாராவது கவனிச்சிருப்பாங்களே?"

"அவங்களுக்கும் தெரியாது."

"கேட்டுப் பாருங்க. திங்கள்கிழமை வாங்க. இந்த வியாதி வேற யாருக்காவது வீட்டுல இருக்கா?"

"இல்லை."

காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் இருந்தன. எல்லோர் பக்கத்திலும் யாரோ ஒருவர் பையோ தண்ணீரோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டே சீட்டை வாங்கினாள். வரும் வழியில் ஒரு கண்ணாடிக் கடை முழுநீளத்துக்கு அவளோடு நடந்து வந்தது. அதன் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். கழுத்து மட்டும் திரும்பிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. எப்போதிலிருந்து என்று யோசித்தாள். அதுவும் தெரியவில்லை. தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் யாரோ குடியேறி, சத்தமில்லாமல் கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

*

கடையில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம். மிஷின்கள் தலை கவிழ்ந்து நின்றன.

அவள் கோட்டை வெட்டும் மேசையில் விரித்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். ஆறு வருடத்தில் இப்படிச் செய்து பார்த்ததே இல்லை. தன் கோட்டை யாராவது சந்தேகப்படுவார்களா? சனிக்கிழமைதோறும் கடையின் எல்லாக் கோட்டுகளையும் துவைத்து இஸ்திரி போடுவது தம்பி. திங்கள்கிழமை ஆணியில் மடிப்புக் கலையாமல் தொங்கும்.

கீழ் மடிப்பைத் தடவினாள். அவள் கைத்தையல் அங்குலத்துக்குப் பத்து. விரலுக்குத் தட்டுப்பட்டது பதின்மூன்று. இவ்வளவு நெருக்கமாகத் தைக்கிற கை இந்தக் கடையில் ஒன்றுதான்.

மேசை விளக்கை இழுத்தாள். பின்பக்கத்தில், துணியின் சாம்பல் நிறத்தில், பழைய மடிப்புகள் மங்கலான கோடுகளாகத் தெரிந்தன. ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. முன்பக்கத்தில் மடிப்பு மட்டும் தடிமனாகியிருந்தது. மூன்று முறை பின்னால் இறக்கி, முன்னால் ஏற்றி, நீராவியில் கோடு தெரியாமல் அழுத்தித் தேய்த்திருக்கிறான்.

டேப்பை வைத்தாள். பின்பக்கம் ஒன்றேகால் அங்குலம்.

தம்பி எழுதி வைக்காமல் ஒரு துணியையும் தொடமாட்டான். அவள் அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பெயரில்லாத ஒரு பக்கம். கை நீளம் அவளுடையது, தோள் அகலம் அவளுடையது. தேதியோடு மூன்று வரி. முதல் வருடம் கால் அங்குலம். அடுத்தது அரை. அதற்கடுத்தது அரை. கீழே போன மாதத்துத் தேதியில் இன்னும் ஒரு கால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பக்கத்தின் உச்சியில், சின்னதாக ஒரு வட்டம்.

வாசலில் பேச்சுச் சத்தம். தம்பி மனைவி முன்னால் வந்தாள். "அண்ணி! எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா? டாக்டர் என்ன..." மேசையைப் பார்த்ததும் நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உனக்கும் தெரியுமா?"

"நான் வேண்டாம்னு சொன்னேன் அண்ணி. மூணு தடவையும் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலையே."

அவள் கீழே பார்த்தாள். தம்பி கதவருகிலேயே நின்றான். சாப்பாட்டுத் தூக்கு இன்னும் கையில் இருந்தது.

"முன்னாடி தொங்கிச்சுக்கா," என்றான். "யாராவது பார்ப்பாங்கன்னு..."

"வட்டம் போட்டிருக்க."

"அது... பழக்கம்."

"நான் என்ன உன் கஸ்டமராடா?"

அவன் தூக்கைக் கீழே வைத்தான்.

"வருஷத்துல ஒரு நாள்," என்றான். "கண்ணாடி முன்னாடி நின்னு, சரியா இருக்குன்னு பார்த்துட்டு நீ ஒரு சிரிப்புச் சிரிப்ப. மத்த நாள்ல அந்தச் சிரிப்பு கிடையாது. அதை என் கையால எப்படிக்கா கெடுப்பேன்?"

"நாலு வருஷமா டாக்டர் கேட்டதுக்கெல்லாம் நான் இந்தக் கோட்டைக் கேட்டுத்தான்டா பதில் சொன்னேன். முதல் வருஷமே ஊசி போட்டிருந்தா..." அவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை முடித்தால் அது அவன் மேல் விழுந்து வாழ்நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். "நான் தனியா எங்கேயோ வளைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்திருக்கீங்க."

தம்பி மனைவி அழ ஆரம்பித்தாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. அவள் டேப்பை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். பிறகு போய், கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அள."

"வேண்டாம்க்கா."

"குதிகால் சுவத்துல இருக்கு. தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல அள. வட்டம் கிட்டம் கிடையாது. வாய்விட்டுச் சொல்லு."

அவன் வந்தான். டேப் அவள் பின்கழுத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. அவன் மூச்சு காதருகே கேட்டது. அவன் டேப்பை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான்.

"மூணு," என்றான்.

"மூணு என்ன?"

"மூணு அங்குலம்க்கா."

"ம்." ஏனோ அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த எண்ணை அவள் வீட்டில் ஒரு வாய் சொல்லிவிட்டது. "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடு. டாக்டர் எப்ப வந்ததுன்னு கேட்டார். எனக்குத் தெரியாதது உன் புத்தகத்துல இருக்கு. திங்கக்கிழமை நீயும் கூட வர்ற."

"வர்றேன்."

டேப் அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. முதலில் மேசைக்காலைப் பிடித்தான். ஒரு மூச்சு விட்டான். பிறகு மேசை விளிம்பைப் பிடித்தான். முதுகு மொத்தமும் ஒரே பலகையாக மேலே வந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அவள் எழுந்து வரும் அதே வரிசை.

அவன் விளக்கை நோக்கி நடந்தான், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. அவன் போட்டிருந்தது கடையின் நீலக் கோட்டு. அதைத் துவைப்பவனும் இஸ்திரி போடுபவனும் அவனேதான். ஆனால் தன் முதுகை யாரும் தானாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்தக் கோட்டை யாரும் பிரித்துத் தைத்ததில்லை. கீழ் விளிம்பு பின்னால் ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது.

சிவந்த கண். தீர்ந்துபோன வெந்நீர்.

"ஏம்மா," என்றாள் தம்பி மனைவியிடம், கண்ணை அந்த விளிம்பிலிருந்து எடுக்காமல். "காலையில இவன் எத்தனை மணிக்குக் குளிக்கப் போறான்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சுக்கே அண்ணி. படுக்க முடியலைன்னு எழுந்து போயிடுவார். விளக்கைப் போட்டுட்டு உள்ளயே நிப்பார். பின்பக்க ஜன்னலைச் சாத்துங்க, வெளிச்சம் அடுத்த வீட்டுச் சுவத்துல அடிக்குதுன்னா கேக்கறதில்லை."

அக்கா சுவரிலிருந்து மெல்ல விலகினாள். மாடியில் அவளும், நேர் கீழே அவனும். ஒரே சதுரத்தின் இரண்டு பக்கம். எத்தனை காலமாக?

மேசையில் அளவுப் புத்தகம் திறந்திருந்தது. பென்சில் பக்கத்திலேயே கிடந்தது. சின்னதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு, அவன் சிரிப்பைக் கெடுக்காமல், சனிக்கிழமை அந்த நீலக் கோட்டைத் தானே வாங்கி, விளிம்பை இறக்கித் தைத்துவிடலாம். அவளுக்கும் அந்த வேலை தெரியும்.

அவள் பென்சிலைத் தள்ளி வைத்தாள்.

"தம்பி," என்றாள். "செருப்பைக் கழட்டு. வந்து இந்தச் சுவத்துல நில்லு."